தவணையும் தள்ளுபடியும்

வணிகத்தில் நஷ்டம் இரு வகைப்படும். சரக்கைத் தப்புக் கணக்கில் வாங்கியதாலோ, ஆளறியாமல் கடன் கொடுத்ததாலோ வருவது ஒன்று. அதை யார் தாங்க வேண்டும் என்பதில் நமக்குள் தர்க்கம் இல்லை. செய்தவர் தாங்க வேண்டும். மற்றொன்று, யாருடைய குற்றமும் இன்றி ஊர் முழுவதையும் ஒரே நாளில் வந்து தாக்குவது. இந்த இரண்டாம் வகை நஷ்டம் வரும்போதுதான் நியாயம் தடுமாறுகிறது. யாரும் குற்றவாளி இல்லை என்றால் சுமையை யார் தலையில் ஏற்றுவது? வாடகைப் பாக்கியைப் பற்றி நம் வியாபாரிகளிடையே எழுந்த வாதங்கள் அனைத்துக்கும் அடியில் கிடப்பது இந்த ஒரு கேள்விதான்.

2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் தேதி மலேசியா முழுவதும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, நகைக்கடை யாவும் மூடின. சாப்பாட்டுக் கடைகளில் பொட்டலம் கட்டிக் கொடுக்க மட்டுமே அனுமதி இருந்தது. எல்லைகள் அடைபட்டதால் பணமாற்று வியாபாரியிடம் வர ஆள் இல்லை. முடிதிருத்தும் கடைகள் ஜூன் மாதம் வரை திறக்கவே இல்லை. தலைநகரில் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தில் உள்ள சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் ஆகிய இரு கட்டடங்களும் ஏப்ரல் 7ஆம் தேதி முதல் வெளியார் உள்ளே போகவும் உள்ளிருப்போர் வெளியே வரவும் இயலாதபடி அடைக்கப்பட்டன. அந்த ஆண்டு ரமலான் பஜாரும் இல்லை. ஆண்டு வரவில் பெரும்பங்கை நோன்பு மாதத்தில் காணும் ஜவுளி வியாபாரிக்கு அது எத்தகைய அடி என்பதை நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2021 ஜனவரியில் மீண்டும் கட்டுப்பாடு வந்தது; ஜூன் முதல் தேதி நாடு முழுவதும் மறுபடி அடைப்பு; ஜூலையில் சிலாங்கூரின் பெரும்பகுதியில் அதனினும் கடுமை. அந்த ஆண்டு டிசம்பர் 18ஆம் தேதி தொடங்கிய பெருவெள்ளம் கிள்ளான், ஷா ஆலம் பகுதிகளில் எஞ்சியதையும் பலரிடமிருந்து கொண்டு போயிற்று.

கடைகள் மூடிக் கிடந்தாலும் மாதம் பிறந்தால் வாடகை பிறந்துகொண்டே இருந்தது. “திறக்கக் கூடாது என்று சர்க்கார் பூட்டிய கடைக்கு நான் எதற்கு வாடகை கொடுப்பது?” என்று கேட்டார் கடைக்காரர். “பூட்டியது நான் இல்லையே, என் கட்டடத்தில் உங்கள் சரக்கு இருக்கிறது, சாவி உங்கள் மடியில் இருக்கிறது, என் வீட்டு அடுப்பு எதைக் கொண்டு எரிவது?” என்று கேட்டார் கட்டடக்காரர். இருவர் பேச்சிலும் உண்மை இருந்தது. ஆண்டுகள் சென்றும் இப்பாக்கிகளைப் பற்றிய மனக்கசப்பு சில குடும்பங்களிடையே இன்னும் ஆறவில்லை. இத்தகைய காலம் இனி வராது என்று எவரும் உறுதி கூற முடியாது. ஆகவே அமைதியான நேரத்தில் இதை ஆராய்ந்து வைப்பது நலம் என்று கருதுகிறோம்.

அரசாங்கம் செய்தது

முதலில் அரசாங்கம் செய்தவற்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2020 மார்ச் 27ஆம் தேதி 25,000 கோடி வெள்ளி மதிப்பிலான பிரிஹாத்தின் திட்டம் அறிவிக்கப்பட்டது. மாத வருமானம் 4,000 வெள்ளி வரை உள்ள குடும்பங்களுக்கு 1,600 வெள்ளி ரொக்க உதவி கிடைத்தது. ஏப்ரல் 6ஆம் தேதி சிறு தொழில்களுக்கென மேலும் 1,000 கோடி வெள்ளி ஒதுக்கினார்கள். அதன்படி 75 பேர் வரை வேலை செய்யும் நிறுவனங்களுக்கு, 4,000 வெள்ளிக்குக் குறைந்த சம்பளம் பெறும் உள்நாட்டுத் தொழிலாளி ஒருவருக்கு மாதம் 1,200 வெள்ளி வீதம் மூன்று மாதங்களுக்குச் சம்பள உதவி கிடைத்தது. மிகச் சிறு வியாபாரிகளுக்கு 3,000 வெள்ளி மானியம். வங்கிக் கடன் தவணைகள் ஏப்ரல் முதல் ஆறு மாதம் ஒத்திவைக்கப்பட்டன. வாடகையை முப்பது விழுக்காட்டுக்குக் குறையாமல் தள்ளிக் கொடுக்கும் கட்டட உரிமையாளருக்கு அத்தொகை அளவுக்கு வருமான வரியில் கழிவும் உண்டு.

ஆனால் வாடகைப் பாக்கியைப் பற்றிய சட்டம் வந்தது எப்போது? அக்டோபர் 23ஆம் தேதி. 829ஆம் எண் கொண்ட அந்தச் சட்டம், நோய்த்தடுப்பு நடவடிக்கைகளால் ஒப்பந்தக் கடமையை நிறைவேற்ற முடியாமற்போனவர்மீது மறுதரப்பார் ஒப்பந்த உரிமையைச் செலுத்தலாகாது என்று கூறிற்று. கடை, அலுவலகம் முதலியவற்றின் வாடகை ஒப்பந்தமும் அதில் அடங்கும். வாடகைப் பாக்கிக்காகக் கடைச் சாமானை ஜப்தி செய்ய வழிவகுக்கும் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பிறப்பிக்கப்படும் ஆணையில், மார்ச் 18 முதல் ஆகஸ்டு 31 வரை ஏற்பட்ட பாக்கியைச் சேர்க்கக் கூடாது என்றும் விதித்தது. நல்லதுதான். எனினும் மார்ச்சுக்கும் அக்டோபருக்கும் இடையே ஒப்பந்தம் முறிக்கப்பட்டுவிட்டவர்களுக்கும், முன்பணத்தை இழந்துவிட்டவர்களுக்கும் அச்சட்டம் கை கொடுக்கவில்லை. அந்த இடைக்காலத்தில் நடந்தவை செல்லும் என்றே அது கூறிற்று. குடியிருப்பு வீட்டு வாடகை அதில் சேரவே இல்லை. கடை முதலாளிக்குக் கிடைத்த நிழல், அதே கடையில் வேலை செய்து வாடகை அறையில் படுத்துறங்கிய தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. யாவற்றினும் முக்கியமாக, அந்தச் சட்டம் பாக்கியை அழிக்கவில்லை. காலத்தைத்தான் தள்ளி வைத்தது.

கடன் வேறு, காலம் வேறு

இங்கேதான் நாம் கூர்ந்து நோக்க வேண்டும். தவணை என்பது வேறு, தள்ளுபடி என்பது வேறு. இவ்விரண்டையும் கலந்து பேசியதால்தான் நம்மவரிடையே பாதிச் சண்டை மூண்டது.

திருமறையின் அல்பகரா அத்தியாயம் கடன்பட்டவரைப் பற்றிக் கூறும் இடத்தில் இரண்டையும் தெளிவாகப் பிரித்து வைக்கிறது. கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும் வரை அவகாசம் அளிக்க வேண்டும் என்பது விதி. கடனையே விட்டுக் கொடுத்துவிடுவது அதனினும் மேலான தர்மம் என்பது தூண்டுதல். அவகாசம் கொடுக்க மறுப்பவர் கடமையிலிருந்து தவறுகிறார். தள்ளுபடி செய்யாதவரோ ஒரு பெரும் நன்மையை இழக்கிறாரே ஒழிய, பாவம் செய்தவர் ஆகார். ஆகவே கையில் உண்மையாகவே இல்லாத வாடகைதாரரின் சாமானைத் தெருவில் எடுத்துப் போட்டவருக்கு, “ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது” என்பது போதிய விடை ஆகாது. அதே போல, “எல்லாரும் கஷ்டப்பட்ட காலம், இனி அந்தப் பாக்கியைப் பற்றிப் பேசலாமா?” என்று கேட்கும் வாடகைதாரருக்கும் அது போதிய விடை ஆகாது. தவணை முடிந்தால் கடன் எழுந்து நிற்கும்.

ஆனால் வாடகை மற்றக் கடனைப் போன்றதா என்று சிந்திக்க வேண்டும். கைமாற்றாக வாங்கிய ஆயிரம் வெள்ளி, வாங்கிய அன்றே நம் கைக்கு வந்துவிட்டது. வாடகையோ சுவருக்கும் கூரைக்கும் கொடுக்கும் விலை அன்று. அவற்றால் பெறும் பயனுக்கு, நாள்தோறும் கொடுக்கும் விலை. பயனே தடைப்பட்டால் விலை என்ன ஆகும்? நம் முன்னோர்களான சட்ட மேதைகள் இதைச் சிந்திக்காமல் இல்லை. ஹன்பலி சட்ட அறிஞர் இப்னு குதாமா அவர்கள் தமது ‘அல்முக்னி’ என்னும் பெருநூலில் ஓர் அழகிய வேறுபாட்டைக் காட்டுகிறார்கள். பொதுவான அச்சம் ஏற்பட்டு, வாடகைக்கு எடுத்த வீடுள்ள ஊரில் எவருமே குடியிருக்க முடியாமற்போனால், வாடகைதாரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். அச்சம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியதானால், அதாவது அவருடைய சொந்தப் பகைவர் அருகில் இருப்பதுபோன்ற காரணமானால், அந்த உரிமை இல்லை. ஹனபி மத்ஹபிலும், கடைத்தெருவில் கடை எடுத்தவர் முதலையெல்லாம் இழந்துவிட்டால் அது ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளத் தக்க காரணம் என்று கொண்டனர். ஷாபிஈ மத்ஹபு இவ்வளவு இடம் கொடுப்பதில்லை.

இவற்றிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? தன் கெட்டிக்காரத்தனக் குறைவால் வியாபாரம் படுத்தவர், அந்த நஷ்டத்தைக் கட்டடக்காரர் தலையில் சுமத்த முடியாது. ஊருக்கே பொதுவாக வந்த தடையோ அப்படிப்பட்டதன்று. அதில் முழு வாடகையைக் கேட்பவரின் உரிமை ஓரளவு தளர்ந்துவிடுகிறது. ஆனால் முற்றிலும் அற்றுப் போவதில்லை. ஏனெனில் வாடகைதாரர் கடையைத் திருப்பிக் கொடுத்துவிடவில்லை. சரக்கு உள்ளே இருந்தது. கடையின் பெயரும் இடமும் அவருக்கே காத்திருந்தன. பயன் குறைந்ததே அன்றி மறைந்துவிடவில்லை. ஆகவே பொதுத் துன்பத்தில் வாடகையின் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்வது வெறும் தயவு அன்று, நியாயத்துக்கு அருகில் உள்ளது என்பதே நம் துணிபு.

இருந்தும் கொடாதவர்

இனி மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நாம் நடுநிலை தவறியவர்களாவோம்.

எல்லாரும் மூடிய காலத்தில் எல்லாரும் நொடிந்துவிடவில்லை. மளிகைச் சாமான் விற்றவர்களுக்குக் கதவு திறந்தே இருந்தது. கடையை மூடி வீட்டிலிருந்தே கைத்தொலைபேசி வழியாகச் சரக்கு விற்றவர்களும் உண்டு. மூன்று கடை வைத்திருந்து ஒன்றில் நஷ்டப்பட்டு இரண்டில் சம்பாதித்தவர்களும் உண்டு. இப்படிப்பட்டவர் நொடிந்தவரின் வரிசையில் போய் நின்றுகொண்டு, “இப்போது யாரும் வாடகை கொடுப்பதில்லை” என்று சொன்னால் அதற்கு என்ன பெயர்? வசதி இருந்தும் கடனை இழுத்தடிப்பது அநீதி என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தீர்த்துக் கூறிவிட்டார்கள். தவணை என்பது இல்லாதவரின் உரிமை. இருப்பவர் அதைக் கைப்பற்றினால் கட்டடக்காரருக்கு மட்டும் அவர் தீங்கு செய்யவில்லை. அடுத்த கடையில் உண்மையிலேயே இல்லாமல் தவிக்கிறவரின் பேச்சையும் நம்ப முடியாததாக ஆக்கிவிடுகிறார்.

நிவாரணப் பணத்தைப் பற்றியும் ஒரு சொல். சம்பள உதவி என்று பெற்ற 1,200 வெள்ளி, தொழிலாளியின் பெயரால் வந்த அமானத். அதைக் கொண்டு வாடகைப் பாக்கியை அடைத்துவிட்டுத் தொழிலாளியைச் சம்பளமின்றி அனுப்புவது, ஒருவரின் கடனை மற்றவரின் சோற்றைக் கொண்டு தீர்ப்பதாகும். நம் சாப்பாட்டுக் கடைகளில் வேலை செய்யும் வெளிநாட்டுச் சகோதரர்களுக்கோ அந்த உதவியும் இல்லை. அவர்களுக்கு முதலாளியைத் தவிர இந்த நாட்டில் வேறு வாசல் இல்லை என்பதை மறக்கலாகாது.

கட்டடக்காரர் எல்லாரும் செல்வரா?

‘கட்டடக்காரர்’ என்ற சொல்லைக் கேட்டதும் பத்து மாடி உடையவர் ஒருவரை மனத்தில் வரைந்துகொள்வது நம் வழக்கம். உண்மை அப்படி அல்ல. கணவர் விட்டுச் சென்ற ஒற்றைக் கடைவீட்டின் வாடகையில் குடும்பம் நடத்தும் விதவைகள் உண்டு. பிள்ளைகள் ஐவர் பங்கு போட்டுக்கொள்ளும் வாரிசுச் சொத்தும் உண்டு. பள்ளிவாசலுக்கு எழுதிவைத்த வக்பு கடைகளும் உண்டு. அவற்றின் வாடகை நின்றால் விளக்கெரிக்கவும் இமாமுக்குச் சம்பளம் கொடுக்கவும் வழி தேட வேண்டும். நொடிந்தவர் வாடகைதாரர்தான், தாங்குபவர் கட்டடக்காரர்தான் என்று கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்பளிக்க முடியாது. இருவரில் யார் அதிகம் தாங்குவார் என்று பார்த்தே சுமையைப் பிரிக்க வேண்டும்.

அண்டை நாடான சிங்கப்பூர் 2020இல் இதை ஓரளவு கணக்கிட்டுச் செய்தது. தகுதியுள்ள சிறு கடைக்காரர்களுக்கு நான்கு மாத வாடகை வரை விடப்பட்டது. ஏறக்குறைய இரண்டு மாதத்தை அரசாங்கம் வரிக் கழிவாகவும் ரொக்கமாகவும் ஏற்றது. மீதியைக் கட்டட உரிமையாளர் ஏற்றார். வாடகை வருமானத்தையே நம்பி வாழும் உரிமையாளருக்குத் தம் பங்கைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளவும் வழி வைத்தார்கள். மூன்று தரப்பும் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிய முறை அது.

இதற்கு மாறான ஒரு காட்சியை அமெரிக்காவில் கண்டோம். வாடகை கொடுக்க இயலாதவரை வெளியேற்றக் கூடாது என்ற தடை அங்கே 2020 செப்டம்பரில் வந்தது. வாடகை உதவிக்கென 4,600 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கினார்கள். ஆனால் பணம் மக்கள் கைக்குச் சென்று சேர்வதில் பெரும் தாமதம். பெரும்பகுதி இன்னும் பட்டுவாடா ஆகாமல் கிடக்கையிலேயே, 2021 ஆகஸ்டு 26ஆம் தேதி உச்சநீதிமன்றம் தடையை முடித்து வைத்தது. தடை மட்டும் விதித்துப் பணத்தைத் தாமதிக்கும் அரசாங்கம், பிறர் பையிலிருந்து தர்மம் செய்வதாகவே ஆகும். கடைகளை மூடச் சொன்னது பொது நன்மைக்காக. அந்த நன்மையை அனுபவித்தது ஊர் முழுவதும். அப்படியானால் அதன் விலையில் ஊர்ப் பொதுப் பணத்துக்கும் ஒரு பங்கு இருக்கத்தானே வேண்டும்? ஹிஜ்ரி 18இல் கொடும் பஞ்சம் வந்தபோது கலீபா உமர் (ரலி) அவர்கள் அவ்வாண்டு ஜகாத் வசூலை ஒத்திவைத்தார்கள் என்று வரலாறு கூறுகிறது. பிறரைப் பொறுக்கச் சொல்லும் முன் அரசு தன் பாக்கியைப் பொறுத்தது. அதுவே முறை.

வாடகைதாரரைக் காக்கும் சட்டம் அளவின்றி நீண்டாலும் தீங்கு உண்டு. 1948க்கு முற்பட்ட கட்டடங்களுக்கு இந்நாட்டில் இருந்துவந்த வாடகைக் கட்டுப்பாட்டை நம் மூத்தவர்கள் அறிவார்கள். 1966ஆம் ஆண்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 1999 இறுதியோடு அக்காப்பு முடிந்தது. வாடகை உயராத கட்டடத்தைச் செப்பனிட உரிமையாளருக்கு மனம் வரவில்லை. குறைந்த வாடகைக்கு எடுத்து உள்வாடகைக்கு விட்டு லாபம் பார்த்தவர்களும் இருந்தார்கள். காப்பு அகன்றதும் பினாங்கில் பழைய குடிகளும் கடைகளும் பல இடம் பெயர்ந்தன. ஆகவே தவணை என்பது மழைக்கு ஒதுங்கும் திண்ணை. அதையே வீடாக்கிக்கொள்ளவும் கூடாது. மழை நிற்குமுன் அங்கிருந்து ஒருவரைத் தள்ளிவிடவும் கூடாது.

ஒரு பழைய வழக்கு

ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியை நம் வியாபாரிகள் மறக்கலாகாது. கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களுக்கு இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்கள் கடன் தரவேண்டியிருந்தது. பள்ளிவாசலிலேயே இருவரும் குரலை உயர்த்தினார்கள். தமது இல்லத்தில் இருந்த பெருமானார் (ஸல்) அவர்கள் திரையை விலக்கி வெளியே வந்தார்கள். கஅப் அவர்களைப் பார்த்துப் பாதியை விட்டுவிடும்படி கையால் சைகை செய்தார்கள். அவர் உடனே இசைந்தார். பிறகு கடன்பட்டவரை நோக்கி, எழுந்து போய் மீதியைக் கொடுத்துவிடும்படி கட்டளையிட்டார்கள்.

இதில் எவ்வளவு நுட்பம் இருக்கிறது என்று பாருங்கள். கடன் கொடுத்தவரிடம் விட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். கடன்பட்டவரை அத்துடன் வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. பாதி விடப்பட்டதால் மற்றப் பாதியின் கடமை கூடிற்று. ஒரு தரப்பின் தியாகம் மறு தரப்பின் நேர்மையை விலையாகக் கேட்கிறது. தள்ளுபடியை வாங்கிக்கொண்டு மீதியையும் இழுத்தடிப்பவர், விட்டுக் கொடுத்தவரை ஏமாளியாக்குகிறார். அடுத்த முறை அவர் யாருக்கும் விட்டுக் கொடுக்கமாட்டார்.

நம்மால் ஆனது

சட்டமும் மானியமும் நம் கையில் இல்லை. ஆயினும் நம் கையில் உள்ளவை சில உண்டு.

முதலாவது, வாடகை ஒப்பந்தம் எழுதும்போதே ஒரு விதியைச் சேர்க்கலாம். அரசாங்க ஆணையாலோ வெள்ளம் முதலியவற்றாலோ கடை மூடப்பட்டால் வாடகையில் எவ்வளவு குறையும், பாக்கியை எத்தனை மாதத்தில் அடைப்பது என்று அமைதியான காலத்தில் எழுதிக்கொண்டால், இக்கட்டில் குரல் உயராது. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி திருமறை வலியுறுத்துவதை நாம் ஓதுகிறோம். கடைபிடிப்பதில் அல்லவா சோர்வு!

இரண்டாவது, தவணை கேட்பவர் கணக்கைத் திறந்து காட்ட வேண்டும். வரவு செலவுப் புத்தகத்தை மறைத்துக்கொண்டு கருணை கேட்பது அழகன்று. கணக்கைப் பார்த்த கட்டடக்காரரும் அதை ஊரில் பேசித் திரியலாகாது. வங்கியிடம் தாம் ஆறு மாத ஒத்திவைப்புப் பெற்றிருந்தால், அதில் ஒரு பகுதியையேனும் கீழே உள்ளவருக்கும் கொடுக்க வேண்டும். தனக்கு வந்த தண்ணீரை அணை கட்டிக்கொண்டு கீழ்வயலைக் காயவிடும் உழவரை நாம் மெச்சுவதில்லை.

மூன்றாவது, ஜகாத்தைப் பற்றிய ஒரு தெளிவு. “பாக்கியைத் தள்ளிவிட்டேன், அதை இவ்வாண்டு ஜகாத்தாகக் கணக்கிட்டுக்கொள்ளலாமா?” என்று சிலர் கேட்கிறார்கள். சட்ட மேதைகளில் பெரும்பாலோர் கூடாது என்றே கூறுகின்றனர். வாராக் கடனைத் தள்ளி அதையே ஜகாத் என்று எழுதுவது, தன் பொருளைத் தானே காத்துக்கொள்வதாகிவிடும் அன்றோ? ஆனால் ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையாரில் கடனில் மூழ்கியவரும் ஒருவர். எனவே உண்மையில் நொடிந்த வியாபாரி அதற்கு முறைப்படி விண்ணப்பிப்பதில் வெட்கம் இல்லை. அவருக்கு வழி காட்டுவது சங்கங்களின் வேலை.

நான்காவது, வழக்குமன்றத்துக்கு முன் ஒரு திண்ணை வேண்டும். ஒப்பந்தம் முடிந்தும் காலி செய்யாதவரை வெளியேற்ற நீதிமன்ற ஆணை தேவை என்று 1950ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. காலி செய்யாதவரிடம் இரட்டை வாடகை கேட்கவும் சட்டத்தில் இடம் உண்டு. இரு தரப்பும் இவற்றை முழுவதும் பயன்படுத்தினால், முடிவில் மிஞ்சுவது வக்கீல் கட்டணமும் முறிந்த உறவும்தான். சந்தையை அறிந்த மூத்த வியாபாரிகள் மூவர், ஒரு கணக்கர், ஓர் ஆலிம் கொண்ட சமரசக் குழுவை ஒவ்வொரு சங்கமும் அமைப்பது கடினமான காரியம் அன்று. அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி மூன்றுதான்: தடை பொதுவா, தனியா? கொடுக்க வசதி உண்டா, இல்லையா? இருவரில் யார் அதிகம் தாங்குவார்?

வாடகைதாரர் இல்லாத கட்டடம் வெறும் செங்கல். கட்டடம் இல்லாத வியாபாரி தலைச்சுமைக்காரர். நம் பாட்டனார்கள் தலைச்சுமையாய்த் துணி விற்றுத்தான் இந்த நாட்டில் ஓர் அடி இடம் பிடித்தார்கள். அவர்களுக்கு முதல் கடையைக் கடனுக்கும் நம்பிக்கைக்கும் திறந்துவிட்டவர்களும் இருந்தார்கள். கடன்பட்டவரிடம் இளகி நடந்த ஒரு வணிகரிடம், அதற்காகவே இறைவன் இளகி நடந்தான் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அந்த வணிகர் தம் கணக்குப் புத்தகத்தைக் கிழித்துப் போட்டவர் அல்லர். இல்லாதவருக்குப் பொறுத்தார், இருப்பவரிடம் கேட்டு வாங்கினார். வேறு பெரும் அமல் எதுவும் அவரிடம் இல்லை.

கொடுக்க வேண்டியதைக் கொடுக்கும் நேர்மையையும், பொறுக்க வேண்டியதைப் பொறுக்கும் மனத்தையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!